சாப்பாடு போடாத வீடு

உபெர்னாவிக்கில் சூரியன் போய்
முப்பத்தேழு நாள்.
காலை பத்து மணிக்கும் தெருவிளக்கு எரிகிறது.
கூனுக் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கிறான்,
விலைபோகாமல் திரும்பிய மீன்களைப் போல.
முட்டிக்கு முட்டி வீக்கம்.

தூண்டில் கயிறு ஆயிரம் மீட்டர்.
பனிக்கட்டியில் வெட்டிய துளைவழியே
ஹாலிபட்டோடு அதை மேலே இழுக்க
இந்த விரல்கள்தான் வேண்டும்.
கோபன்ஹேகனிலிருந்து வந்துபோன மருத்துவர்
ஓர் ஊசி எழுதியிருக்கிறார்.
போட்டால் வடிந்துவிடுமாம்.

இவாலு எக்ஸ்ரேயைத் திரையில் ஏற்றுகிறாள்.
வலது நுரையீரல், மேல்மூலை,
பருப்பளவு வெள்ளை.
"என்ன இது?"
"உன் ஒன்பது வயதில் வந்தது."

அந்தக் குளிர்காலம் ஒரே கட்டிலில் நான்கு பேர்.
அண்ணன் இருமினான்.
பனி உருகியதும் கப்பல் அவனை ஏற்றிக்கொண்டு போனது.
பிறகு அவன் பெட்டி மட்டும் வந்தது.
கூனுக் இருமவே இல்லை.

இருமாதவனுக்குள் நடந்தது இது:
பெருவிழுங்கி என்று ஒரு செல்,
மூச்சோடு வந்த கிருமியை அள்ளி உள்ளே போட்டது.
வழக்கமாக அத்தோடு கதை முடியும்.
அமிலம் ஊறும், வந்தது கரையும்,
எச்சத்தைத் துப்பிவிட்டு அடுத்த வேலை.
இதற்கோ மெழுகுத் தோல்.
விழுங்கியவன் வீட்டிலேயே பாய் விரித்துப் படுத்தது.

கொல்ல முடியவில்லையா,
சரி, சோறு போடாதே.

அறையிலிருந்த இரும்பைத்
துணுக்கு விடாமல் வெளியே கடத்தியது செல்.
மாங்கனீசையும்.
கிருமி பெருகத் தேவைப்படும் சரக்கு ஒன்றைத்
தனக்கும் இல்லாமல் தானே உடைத்துக் கொட்டியது.
உலை ஏற்றாத வீட்டில்
புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கிருமியும் லேசுப்பட்டதில்லை.
புளிப்பு முற்றாமல் கதவை அடைத்துப் பார்த்தது,
இரும்பு திருட ஆள் அனுப்பியது,
வீட்டுக்காரனின் கொழுப்பையே நக்கிக் கிடந்தது.
நாளுக்கொரு முறை இரண்டாகிப் பழகியது
மெல்ல அந்தக் கணக்கை விட்டது.
தூங்கியது.
அல்லது தூங்குகிற மாதிரி கிடந்தது.
உறுதியாகச் சொல்ல இன்னும் ஆளில்லை.

சுற்றிலும் வேறு செல்கள் தோள் ஒட்டி நின்றன.
நின்றவை செத்தன, செத்த இடத்தில் புதியவை வந்தன.
கூனுக் கல்யாணம் பண்ணினான்,
படகு வாங்கினான், படகை விற்றான்,
குடித்தான், குடியை விட்டான்.
காவல் ஓர் இரவும் கலையவில்லை.
அவனைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம் நாம்.
இங்கே விருந்துக்கு ஐம்பத்தெட்டு வருடம்.
மருந்து இனிமேல்தான்.

ஏனென்றால் அந்த ஊசி
முட்டிகளில் கத்துகிற செல்களிடம்
போதும், கலையுங்கள் என்று சொல்லும்.
நுரையீரலில் நிற்பவர்கள் காதிலும் அது விழும்.
எல்லோருக்கும் ஒரே பாஷை.

ரத்தச் சோதனை போன வாரமே வந்துவிட்டது.
குழாயில் கிருமியின் துண்டு ஒன்றைக் காட்டியதும்
கூனுக்கின் செல்கள் கூச்சல் போட்டன,
நேற்றுத்தான் பார்த்ததுபோல.

"கட்டிப்போட்டுப் பட்டினி போட்டால்
நாய் வாரைத் தின்றுவிடும்" என்கிறான்.
"கொன்றிருக்கலாமே?"

இவாலு பேனாவை மூடுகிறாள், திறக்கிறாள்.
"முடிந்தால் கொன்றிருக்கும்" என்கிறாள்.
"நான்கு மாதம் மாத்திரை. பிறகு ஊசி."
"அதுவரை விரல்?"
"வலிக்கும்."
அவன் மாதங்களை எண்ணுகிறான்.
எண்ணும்போதே விரல் மடங்கவில்லை.
அதற்குள் கடல்பனி இளகத் தொடங்கிவிடும்.

மாத்திரை சிவப்பு.
மூன்றாம் நாள் காலை
வீட்டுக்குப் பின்னால் பனியில் நின்று
மூத்திரம் பெய்தான்.
கைவிளக்கில் பார்த்தால், ஆரஞ்சு.
நாய்கள் எழுந்து வந்தன,
முகர்ந்தன,
இரண்டடி தள்ளிப் போய்
அவனையே பார்த்து நின்றன.