இரண்டே கால் மீட்டருக்கு அப்பால்

கூரையில் திருகியிருக்கும் பெட்டி
ஒரு சோப்பு டப்பா அளவுதான்.
அறுபது கிகாஹெர்ட்ஸ்.
காதுக்கு எட்டாது, தோலுக்குத் தெரியாது,
போய் மார்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.
அந்த மார்பு ஓர் அரிசிமணி உயரம் எழுந்தாலும்
வந்து சொல்லிவிடும்.
நிதி கேட்டபோது நான் சொன்னது இது.

வார்டில் முதல் மூன்று இரவும் அது சொன்னது
மின்விசிறியைப் பற்றி.
இறக்கை இறக்கையாக,
இறக்கையில் படிந்த தூசு வரைக்கும்
விசிறியைப் பற்றி மட்டும்.

கத்திரி நேரம்.
பகலெல்லாம் நாற்பத்திரண்டு டிகிரி குடித்த கூரை
ராத்திரி அதைத் துளித்துளியாய்த் திருப்பிக் கொடுக்கிறது.
கீழே பதினாறு பெண்கள்.
விசிறியை நிறுத்துங்கள் என்று
எந்த வாயால் கேட்பேன்?

பதினோராம் கட்டில் சுமித்ரா மண்டல், மால்டா.
உடம்பெல்லாம் கொப்புளம்.
மின்முனை ஒட்டினால்
பிய்க்கும்போது பசையோடு தோலும் வரும்.
தொடாமல் மூச்சை எண்ண ஒரு வழி உண்டா என்று
டாக்டர் எங்கள் காட்பாடி லேபுக்கு
ஸ்கூட்டரில் வந்து கேட்டது
இவளை மாதிரி ஆட்களுக்காக.

நாலாம் இரவு, இரண்டு பத்துக்கு
கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கும் அன்றைக்குச் சோம்பல்.
விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றதும்
என் மடிக்கணினித் திரை
பாலாற்று மணல் மாதிரி வெறுமையாகி
அதில் எழுந்தன இரண்டு கோடுகள்.

மேலே ஒன்று, இரண்டு மீட்டரில்.
நிமிடத்துக்கு இருபத்திரண்டு. அவள்.
கீழே ஒன்று, இரண்டே முக்காலில்.
நிமிடத்துக்குப் பதினான்கு.

இரண்டே முக்காலில்
தரைதான் இருக்கிறது.

நாற்பத்தொரு நொடியில் வெளிச்சம் வந்தது.
போய்க் குனிந்து பார்த்தேன்.
தலை கட்டிலுக்கு அடியில், மார்பு வெளியில்,
ரப்பர் செருப்பைத் தலைக்கு வைத்து
ஒரு லுங்கிக்காரர்.
இது பெண்கள் வார்டு.
ஒன்பது மணிக்குமேல் ஆண்கள் இருந்தால்
வாட்ச்மேன் வேலை போகும்.

பெனினா சிஸ்டர் மருந்து டிரேயை அடுக்கியபடி
நிமிராமல் கேட்டார்:
"உங்க பெட்டி காட்டிக் குடுத்துடுச்சா?"

"ரெண்டு மூச்சு தெரியுது சிஸ்டர்."

"பூனைன்னு எழுதிக்குங்க."

"பூனை நிமிஷத்துக்குப் பதினாலு தடவை
மூச்சு விடாது."

"அப்போ பெரிய பூனை."

பகலில் அவர் பெயர் நிதாய்.
தோட்டப்பாளையத்தில், வங்காளப் பலகை போட்ட ஒரு லாட்ஜில்
தட்டு கழுவுகிறார்.
அந்த லாட்ஜில் அவருக்கு அறை இல்லை.

வேண்டாத எதிரொலிக்கு எங்கள் பாடப்புத்தகத்தில்
குப்பை என்று பெயர்.
அதை எறிய ஒரே ஒரு வரி போதும்.
எழுதினேன்:
இரண்டே கால் மீட்டருக்கு அப்பால்
வருவது எதுவும் இல்லை.
விசிறிக்குத் தனியாக ஒரு வடிகட்டி,
அதற்கு இன்னும் ஏழு வாரம் பிடித்தது.

சென்னைக் கம்பெனிக்காரர்களுக்குப் பெட்டி பிடித்துப்போனது.
ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்கள்:
அறைக்குள் எத்தனை பேர் என்று
இது எண்ணுமா?
விடுதிக்காரர்கள் கேட்கிறார்கள், நல்ல விலை.
எண்ணாது என்றேன்.
என் தொழிலில் நான் சொன்ன
முதல் பொய் அது இல்லை.

அந்த நாற்பத்தொரு நொடி மட்டும்
ஒரு பென்டிரைவில் இருக்கிறது.
எப்போதாவது ஓட்டிப் பார்ப்பேன்.

இருபத்தொன்பதாம் நொடியில்
மேல் கோடு நிற்கிறது.
மூச்சுத் தடை, ஆறு நொடி.
அறிக்கையில் அதைப் பதிவு செய்திருக்கிறேன்.

பதிவு செய்யாதது:
முப்பதாம் நொடியில்
கீழ்க் கோடும் நிற்கிறது.

இருட்டில், தரையில்,
விசிறிச் சத்தம் இல்லாத அந்த நேரத்தில்
மேலே காது வைத்தபடி
அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தைந்தில் அவள் இழுக்கிறாள்.
முப்பத்தாறில் அவர்.

பிறகு கரண்ட் வந்து
இரண்டு பேரும் விசிறிக்குள் போய்விடுகிறார்கள்.