தேவையான அளவு

கிஷ்டா,
அடுத்த வெள்ளியோடு உனக்கும் ஷிஃப்ட் முடிகிறதாம்.
கேக் வெட்டுவார்கள். சுவர்க்கடிகாரம் தருவார்கள்.
இனி மணி பார்க்க வேண்டாம் என்ற நாளில்தான்
கம்பெனிக்கு நமக்குக் கடிகாரம் தரத் தோன்றும்.
என்னுடையது ஐந்து நிமிடம் பிந்தி ஓடுகிறது.
நானும் திருத்தவில்லை.

பொழுது எப்படிப் போகும் என்று கேட்டாயே.
காலையில் பைனாகுலரோடு பிளஃப் மேட்டுக்குப் போவேன்.
டர்பன் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல்
வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களை எண்ணுவேன்.
நேற்று பதினேழு.
பெயர்களை ஒரு நோட்டில் எழுதுகிறேன்.
எதற்கென்று கேட்ட மருமகனுக்கு
இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு இசிப்பிங்கோ கரையில் தூண்டில்.
நாலு பேர் நிற்போம்.
மீன் கிடைப்பது எப்போதும்
தாமதமாக வந்து நிற்கும் ஐந்தாம் ஆளுக்கு.

திரும்பி வந்தால் குரங்குகளோடு தகராறு.
ஜன்னலைத் திறந்தால் ரொட்டி போகும்,
மூடினால் என் மூச்சு போகும்.

பத்தரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும், கிஷ்டா.
அதற்கப்புறம்தான் சமையல்.

சரஸ்பதிக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.
ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:
"இன்னைக்கு நீங்க அடுப்பைப் பாருங்க."
பார்த்தேன்.
அதுவும் என்னைப் பார்த்தது.

எழுதிக்கொள்.

ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவில்
ஐஸ்கிரீம் இருக்காது. அவரைக்காய் இருக்கும்.
இதை முதலில் தெரிந்துகொண்டால்
ஓய்வுக்காலத்தின் பாதி ஏமாற்றம் குறையும்.

கடுகு வெடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்.
படிக்கும் கண்ணாடி போதாது,
பட்டறையில் கொடுத்தார்களே, அது.

"வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்" என்பார்கள்.
யாருடைய பொன்?
நான் சரஸ்பதியின் வளையலை
வாணலிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.
இருபத்திரண்டு காரட் வந்த நேரம் போன் அடித்தது.
"ஹலோ" சொல்லித் திரும்புவதற்குள்
பொன் இரும்பாகிவிட்டது.

"உப்பு தேவையான அளவு."
யாருக்குத் தேவை? எவ்வளவு தேவை?
முப்பத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தேன்.
"கரி தேவையான அளவு" என்று எந்தக் கையேட்டிலாவது
ஒருவன் எழுதியிருந்தால்
மெரிபேங்க்கே இன்று கடலில் இருக்கும்.

தண்ணீர் கூடினால் ரசம் என்று சொல்.
குறைந்தால் கூட்டு.
தீய்ந்தால் தலையை நிமிர்த்தி, ப்ராய் என்று சொல்.
பாதியில் கரண்ட் போனால் ஒன்றும் சொல்லாதே.
இருட்டில் எல்லாக் குழம்பும் ஒரே நிறம்.

குக்கர் விஷயத்தில் மட்டும் நான் குரு இல்லை.
காகித ஆலையில் இரண்டு மாடி உயர நீராவி
என் கைக்கு அடங்கி நின்றது.
மூன்று லிட்டர் குக்கர் அடங்க மாட்டேன் என்கிறது.
மீட்டர் இல்லை, வால்வில் எண் இல்லை,
தலையில் ஒரு குண்டு.
எப்போது கத்தும் என்று அதற்கே தெரியாது.
அடுப்பில் ஏற்றிவிட்டு
நான் கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறேன்.
எதிர்வீட்டு தாண்டேகா துணி உலர்த்தியபடியே எண்ணுகிறாள்.
"மூணு ஆச்சு, ம்குலு, உள்ளே போ!"
ஸூலுவில் தாத்தா என்று அர்த்தம்.
அவள் சொல்லும்போது பயந்தாங்கொள்ளி என்றும் கேட்கிறது.

அன்று சரஸ்பதி சாப்பிட்டாள்.
"உப்பு?" என்றேன்.
"இருக்கு" என்றாள்.
எங்கே என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு நாள் சரியாக வந்தது, கிஷ்டா.
டின்மீன் குழம்பு.
கரையில் ஏமாந்தவனுக்குக் கடைக்காரன் தந்த மீன்.
அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்,
சட்டியைச் சாய்த்து வழித்தாள்,
"எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

ஓடிப்போய் நோட்டைப் புரட்டினேன்.
அந்தத் தேதியில்
ஒரு கிரேக்கக் கப்பலின் பெயர் மட்டும் இருக்கிறது.