முதலில் பெல்ட்

"முதலில் பெல்ட்" என்றாள் நோம்ஃபுண்டோ.
"துப்பாக்கி அப்புறம். எல்லாம் தொங்குவது அதில்தான்."
போக்குவரத்துப் போலீஸ்காரி,
மூன்று வருடமாக மூன்று துப்பாக்கியோடும் ஓடுகிறவள்.
நான் பஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
கடைசியாக ஓடியது ஸ்டாங்கர் பள்ளி மைதானத்தில்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடைக்காரர்
குறிபார்க்கும் தொலைநோக்கி ஒன்றை எடுத்து
வெல்வெட் துணிமேல் வைத்தார்,
தாலிக்கொடி காட்டுகிற பவ்யத்தோடு.
விலை, என் டொயோட்டாவின் ஏழு மாதத் தவணை.
"இது இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது, மேடம்."
இது இல்லாமல் ஆரம்பித்தவள்
என் பக்கத்தில் நின்று சூயிங்கம் மென்றாள்.

வாங்கியது:
ஆண் இடுப்புக்கு அளவெடுத்த விறைப்பான பெல்ட்,
வீட்டில் ஆணியைச் சுட்டு இரண்டு ஓட்டை கூட்டிக்கொண்டேன்.
காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி;
இவற்றுக்கு மட்டும் பேரம் பேசவில்லை.
தோட்டா செருகும் பட்டை.
மேகசின் பை, தள்ளுபடியில். அதன் கதை பிறகு.

லைசென்ஸுக்குப் பத்து விரலையும் மையில் உருட்டினார்கள்.
பெட்டகம் பார்க்க ஃபீனிக்ஸ் வீட்டுக்கு வந்த அதிகாரி
சுவரைத் தட்டினார், போல்ட்டை ஆட்டினார்,
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"அந்த ஜூலைக்காகவா?"
தெருமுனையில் டயர் எரிந்த கறை
இன்னும் போகவில்லை.
"விளையாட்டுக்கு" என்றேன்.
பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.
நம்பினாரா தெரியாது.
நான் நம்பினேனா என்பதும்
அன்றைக்கு அவ்வளவு தெளிவாக இல்லை.

காத்திருந்த மாதங்களில் சமையலறைதான் களம்.
மருந்தில்லாத பிளாஸ்டிக் தோட்டாக்களை
இரண்டிரண்டாக
டிஷ்யூ உருளையின் அட்டைக் குழாய்க்குள் தள்ளினேன்.
கத்ரா பீன்ஸ் உரித்துப் பழகிய கட்டைவிரல்
யாரையும் கேட்காமல் வேலையைப் பிடித்துக்கொண்டது.
தயாளன் போனில் வினாடி எண்ணினார்.
"ஒன்பது."
"பொய்."
"சரி, பதினொன்று."

போட்டி விழுந்தது புரட்டாசிச் சனியில்.
வெருலம் தாண்டி, கரும்புக்கு நடுவே மண்மேடுகள்.
எல்லாருக்கும் நெருப்பில் ஆட்டுக்கறி சொட்ட,
எனக்கு பீன்ஸ் பன்னி, ஓரமாக.
பிஸ்டலுக்கு மட்டும் அட்டை வந்திருந்தது.
ரைஃபிளும் ஷாட்கன்னும் நோம்ஃபுண்டோவுடையவை,
அதனால் சட்டப்படி
அவள் என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்,
சூயிங்கம் உட்பட.

பீப்.

பாதி ஓட்டத்தில் தள்ளுபடிப் பை வாயைத் திறந்தது.
மேகசின் செம்மண்ணில்.
குனிந்தால் குழல் திரும்பும்,
திரும்பினால் ஆட்டத்தை விட்டே வெளியே.
விட்டுவிட்டு அடுத்ததை உருவினேன்.
மகனின் ரக்பி பூட்ஸ் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை,
காசு கொடுக்காத ஒரே சாமான்.
நூற்றிநாற்பத்தாறு வினாடி. கடைசிக்கு முந்தின இடம்.
கடைசியில் வந்தவர் பல் டாக்டர்,
அந்தத் தொலைநோக்கியை வாங்கியவர்,
பேட்டரி போட மறந்தவர்.

ஞாயிறு, பெருமாள் பூசை.
முந்தானை நழுவியதில்
தோள்குழியில் கத்திரிக்காய் நிறம்,
ஷாட்கன் உதைத்த இடம்.
கோகிலாம்பா பெரியம்மா இலை போடுவதை நிறுத்தினாள்.
"அவனா?"
அந்தப் பக்கம் தயாளன்
வேண்டாம் என்றவர்களுக்கும்
சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.
"துப்பாக்கி, பெரியம்மா. போட்டிக்குப் போனேன்."
சொல்லும்போதே சிரித்துவிட்டேன்.
சிரித்தது தப்பு.
அவளிடம் இதற்கு முன் மறைத்தவர்களும்
இப்படித்தான் சிரித்திருக்க வேண்டும்.

இரவு, அடுத்த பட்டியல்:
மூடியுள்ள மேகசின் பை.
தோளுக்கு ரப்பர் திண்டு.
தொலைநோக்கி என்று எழுதி, அடித்தேன்.

பெரியம்மா என் கைக்குள் திணித்த தாள்
நான்காய் மடித்தபடி மேசைமேல் கிடந்தது.
ஒரு போன் நம்பர்.
கீழே, "எந்த நேரமும்."
கிழிக்க மனம் வரவில்லை.
வாய் மூடாத அந்தப் பையில்
போட்டு வைத்திருக்கிறேன்.