களிமண்குண்டு குடும்ப வகுப்பு

அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்
பாசி எடுக்கப் போய்விடுவார்கள்.
மிச்ச நாளில்தான் வகுப்பு.
திட்ட அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.
"வருகை ஒழுங்கற்றது" என்று எழுதி அனுப்புகிறேன்.

புயல் காப்பகத்தின் மாடி அறை.
தாயும் பிள்ளையும் ஒரே பாயில்,
ஒரே புத்தகத்தில். அதுதான் விதி.
தகப்பன்மாரும் வரலாம் என்று போட்டிருக்கிறது.
நம்புக்கனி புருஷன் பூவேந்திரன் வருவார்,
உள்ளே வரமாட்டார்.
படிக்கட்டில் உட்கார்ந்து
எஞ்சின் ப்ளக்கைத் துடைத்துக்கொண்டே
ஆனா ஆவன்னாவை உதட்டுக்குள் சொல்வார்.
இரண்டு மாதமாக அதே ப்ளக்.

நம்புக்கனி முதல் நாளே சண்டை.
'பா'வுக்குப் படம் பாம்பு.
"பாசி போடாம பாம்பைப் போட்டவன் யாரு?
நான் கழுத்தளவுத் தண்ணியில நிக்கிறேன்,
அவன் எங்க நிக்கிறான்?"
மகள் கனிஷ்கா பச்சைப் பென்சிலெடுத்து
பாம்பு தெரியாமல் பாசி வரைந்தாள்.
இப்போது எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான்.

அட்டைக்கு ரேகை எடுக்க வந்தார்கள்.
கருவி அவள் விரலை ஏற்கவில்லை.
பத்தையும் வைத்துப் பார்த்தார்கள்.
பாறை தின்றது போக
துணி சுற்றிய தழும்புதான் மிச்சம்.
கைநாட்டுக் கேஸ் என்று ஏசுவார்களே,
அதற்கும் வழியில்லாத கை.
அவள் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி
எழுத்துக் கூட்டினாள்:
இ... ல்... லை.
கல்வித் தகுதிக்கு நேரே இருந்தது.
யாரும் சொல்லித்தராமல் அவள் வாசித்த முதல் சொல்.
கைதட்டத் தூக்கிய கைகளை
எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை வியாபாரி கொடுத்த சீட்டு:
முன்பணம் பாக்கி நாலாயிரம்.
அதன் பக்கத்தில்
பாறையில் பறிக்கிற அதே அழுத்தத்தோடு
இல்லை என்று எழுதினாள்.
தாள் கிழிந்தது. லையன்னாவில் ஒரு சுழி கூட.
வியாபாரி சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.
பழைய நோட்டைத் தேடுகிறேன் என்றார்,
இன்னும் தேடுகிறார்.

நேற்று படிக்கட்டிலிருந்து குரல்:
"டீச்சர், உண்டுக்கு எத்தனை எழுத்து?"
மூன்று என்றேன்.
"அதுவும் மூணுதானா?"
ப்ளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
செருப்பைக் கழற்றினார்.