இடது கன்னம்

பத்து நிமிடம் பிந்திப் போனதில்
படத்தின் பெயர் தப்பிவிட்டது.
கொள்ளுப்பிட்டியில் ஒரு ஒழுங்கை, மாடிப்படி,
முப்பது பிளாஸ்டிக் கதிரைகள்,
வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஒரு பல்லி.
மழைக்கு ஒதுங்கினேன் என்றுதான்
வீட்டில் சொல்லப்போகிறேன்.

திரையிலும் மழை.
எங்களுடையதைவிடக் கறுப்பு.
யன்னல் தட்டிகளின் நிழல்
கோடு போட்ட கொப்பித்தாளாய் முகத்தில் விழ,
வெரா டொலன்
அதில் வயதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

இருபது வருடமாய் எவரும் கூப்பிடாத நட்சத்திரம்.
தொலைபேசி அடித்தால்
மூன்றாவது மணிவரை பொறுக்கிறாள்.
முதல் மணியில் எடுத்தால்
காத்திருந்தது தெரிந்துவிடுமே.
எடுத்தால், பிழையான இலக்கம்.
அதற்கும் ஒரு புன்னகை வைத்திருக்கிறாள்.
நனைந்த சப்பாத்தோடு இருந்ததற்கு
இந்த ஒரு காட்சியே போதும்.

பக்கத்துத் தெருவில் கொலை விழுகிறது.
செத்தவனை அவளுக்குத் தெரியாது.
விடிய முன்னர் கையுறை மாட்டி
பொலிஸ் நிலையப் படியேறி
“நான்தான்” என்கிறாள்.

“எந்தக் கையால் சுட்டீர்கள்?”
அவள் யோசிக்கிறாள்.
எந்தக் கை வெளிச்சத்துக்குக் கிட்ட
என்று யோசிக்கிறாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எனக்கு வரவில்லை.

நான் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன்.
பத்தொன்பது வருடமாய்
மற்றவர்களின் “நான் இல்லை”
என் வாயால் போய்வருகிறது.
தமிழிலும் இரண்டு சொல்,
சிங்களத்திலும் இரண்டு சொல்.
பாரம் குறைவான வேலை
என்று சொல்வார்கள்.

பேசாலை இருதயதாசன்
வாசிக்கத் தெரியாத மொழியில் தட்டெழுதிய
நாலு பக்கத்தின் கீழே
கையெழுத்து வைத்திருந்தான்.
வழக்கு முடிந்து, சிறைச்சாலை பஸ்ஸுக்கு நடக்கையில்
கமராக்காரர்களைக் கண்டு
துவாயால் முகத்தை மூடிக்கொண்டு,
துவாய்க்குள் இருந்து கேட்டான்:
“அண்ணை, அதில நான்
என்ன சொல்லியிருக்கிறன்?”

வெராமேல் கோபப்படத்தான் பார்த்தேன்.
ஒரு நிழற்படத்துக்காக, பத்திரிகையின்
முதற்பக்கத்துக்காக,
மற்றவனின் குற்றத்தை
மேலங்கி மாதிரிப் போட்டுக்கொள்கிறவள்.
ஆனால் அந்த ஒப்புதலை அவள் வாசிக்கிற விதம்!
இசை இல்லை. வெட்டு இல்லை.
மேசை விளக்கு மட்டும்.
உதடு அசைய, ஒவ்வொரு வரியாய்,
நீண்ட நாளுக்குப் பிறகு கிடைத்த
வசனத் தாளை வாசிப்பதுபோல.
தன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
பேனாவை வாங்கித் திருத்துகிறாள்.
பிறகுதான் கையெழுத்து.
மூன்று நிமிடம் இருக்கும்.
மூச்சு விட்டேனோ தெரியாது.

கடைசியில் படிக்கட்டு, கமராக்கள்,
ஒன்றன்பின் ஒன்றாய் வெடிக்கிற வெள்ளை.
இடது கன்னத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள்.
துணி முழுதும் வெளுக்க
பல்லிக்கு மட்டும் நிழல் இருந்தது.

விளக்குப் போட்டார்கள்.
ஒளியமைப்புப் பற்றிப் பேசலாம் என்றார் ஒருவர்.
பேசியிருக்கலாம். நல்ல ஒளியமைப்புத்தான்.
நான் இறங்கி நூறாம் நம்பர் பஸ் எடுத்தேன்.
பம்பலப்பிட்டி நகைக்கடைகளின் வெளிச்சம்
கண்ணாடியில் என் முகத்தைத் தந்து தந்து
திரும்ப வாங்கிக்கொண்டது.
வெள்ளவத்தையில் இறங்கும்போதுதான்
படத்தின் பெயரை
யாரிடமும் கேட்கவில்லை என்பது நினைவு வந்தது.
மழை விட்டிருந்தது.
வீட்டில் சொல்ல
இனி வேறு காரணம் வேண்டும்.