நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா

குதைபியாவில் கார்கோ கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. இரவு ஷிப்ட்.
வெளியே கடலின் ஈரம்
கண்ணாடியில் வேர்த்து வழிகிறது.
திரையில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு.

அமெரிக்காவில் ஒரு மாநிலம்.
எதுவென்று வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சட்டசபைத் தேர்தல். பழுப்பேறிய பேரேடு.
ஊர் ஊராக விழுந்த ஓட்டுகளை
மை தொட்டு எழுதியிருக்கிறான் ஒரு குமாஸ்தா.
நான் அதைத் தட்டுகிறேன்.

ஹைரம் லூமிஸ். ஏசா விட்டகர்.
எந்தக் கட்சி என்று தாளில் இல்லை.
மாவு மில்லில் இவருக்கு எண்பத்திரண்டு
பாலத்தடியில் அவருக்கு எழுபத்தாறு
என்று ஏறி இறங்கி வந்து
கடைசிச் சாவடிக்கு முன்னால்
லூமிஸ் அறுநூற்றுப் பன்னிரண்டு,
விட்டகர் அறுநூற்று ஏழு.

கடைசிச் சாவடி மட்டும் வேறு மையில் இருக்கிறது.
தாமதமாக வந்திருக்கும்,
சேற்றில் குதிரை சிக்கியிருக்கும்.
லூமிஸுக்கு முப்பத்தெட்டு, தெளிவாக.
விட்டகருக்கு
நாற்பத்தொன்று என்றேன் நான்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர்
ஒருவர் திரையை ஒருவர் பாராமல் அடிக்க வேண்டும்.
தடுப்புக்கு அப்பால் மரிசெல்
நாற்பத்தேழு என்றாள்.
திரை சிவந்தது.

மொத்தத்தைப் பார் என்றார் ரெஜி சேட்டன்.
மொத்தத்தைப் பூச்சி தின்றிருந்தது.
நாற்பத்தொன்று என்றால் லூமிஸ், இரண்டு ஓட்டில்.
நாற்பத்தேழு என்றால் விட்டகர், நாலு ஓட்டில்.
புரியாவிட்டால் தொண்ணூற்றொன்பது போடு,
ஐம்பது ஃபில்ஸ் பிடிப்பான், அவ்வளவுதானே
என்று கரக் குடிக்க இறங்கிப் போனார்.

அந்த நேரம்தான் தம்பியின் செய்தி.
நேற்று கீழக்கரையில் தேர்தல்.
"காக்கா, உங்க ஓட்டு காலைல எட்டு மணிக்கே விழுந்துருச்சு.
ஏஜென்ட் லிஸ்ட்டக் காட்டுனாரு.
சதக்கத்துல்லா, நேரே டிக்."
கீழே சிரிக்கும் மஞ்சள் முகம் இரண்டு.

பதினெட்டு முடிந்த மாதமே விமானம் ஏறியவன் நான்.
விரலில் அந்த மை எப்படிக் காயும் என்று
இன்றுவரை தெரியாது.

பக்கங்களைப் பின்னால் தள்ளினேன்.
குமாஸ்தாவின் ஒன்றுகளைப் பார்த்தேன், ஏழுகளைப் பார்த்தேன்.
காலையில் எழுதிய ஏழுக்குத் தொப்பி இருக்கிறது.
மதியம் தொப்பி சுருங்குகிறது.
விளக்கு ஏற்றியபின் வெறும் புள்ளி,
இடப்பக்கம், பேனா தயங்கிய இடத்தில்.
வருகைப் பதிவேட்டில் என் ஏழும்
விடியற்காலையில் இப்படித்தான் விழும்.
ஒன்று மட்டும் அவனுக்கு எந்த நேரத்திலும்
குத்திவைத்த முளைக்குச்சி மாதிரி.

புள்ளி இருந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன். தூசியில்லை, மைதான்.

ஏழு.

அதிகாலை மூன்று பத்துக்கு, மனாமாவில்,
விட்டகர் ஜெயித்தார்.
தடுப்புக்கு அப்பால்
மரிசெல் நூடுல்ஸ் கிண்டும் சத்தம்.

பக்கத்தின் அடியில் இன்னொரு வரி
பொடி எழுத்தில்: சிதறியவை, மூன்று.
லூமிஸும் வேண்டாம் விட்டகரும் வேண்டாமென்று
வேறு பெயர் எழுதிப் போட்ட மூன்று பேர்.
என்ன பெயர் என்று எழுதக்கூட
குமாஸ்தாவுக்குப் பொறுமையில்லை.
சிதறியவை நமக்கு வேண்டாம், காசு கிடையாது
என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார் சேட்டன்.
குறிப்புக் கட்டத்தில் அடித்துவைத்தேன்.
மூன்று.

அடுத்த பக்கம் ஏறும்வரை
சுற்றிக்கொண்டிருந்தது வட்டம்.
தம்பிக்குப் பதில் அனுப்பினேன்:
"யாருக்குப் போட்டேனாம், கேட்டியா?"