முன்னறிவிப்பின்றி

விடியாத ஐந்தே முக்காலுக்கு
பர்னி நகரத்து மேட்டில் காரை நிறுத்துகிறேன்.
கீழே பாஸ் நீரிணை கறுத்துக் கிடக்கிறது.
துறைமுக விளக்குகள் மட்டும்
என்னைப் போலவே
வேலைக்கு வந்துவிட்டன.

சொல்லாமல் வருவதுதான் விதி.
அவர்களுக்குத் தேதி தெரியாது,
வருடம் தெரியும்.
அதனால்தான் தாழ்வாரத்தில் இந்தப் பெயிண்ட் வாசனை.

குளிர்பெட்டி நான்கு டிகிரி. சரி.
மருந்து அலமாரிக்குப் பூட்டு. சரி.
தீயணைப்பான், கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை.
சரி, சரி, சரி.
ஐம்பத்தெட்டு வயது விரலுக்கு
அந்தச் சொல்லைத் தட்டுவதில்
ஒரு சிரமமும் இல்லை.

பதினேழாம் அறை.
நொரீன் வோஸ்பர், எண்பத்தெட்டு.
டெவன்போர்ட் படகுத்துறையில்
முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர்.
இரவுக் குறிப்பேட்டில்
"நிம்மதியாக உறங்கினார்",
எட்டு இரவுக்கும் அதே கையெழுத்து,
அதே பேனா, ஒரே மூச்சில்.

அழைப்பு மணியின் கயிறு
தலைமாட்டுக்கு மேலே, கைக்கெட்டாத கொக்கியில்
அழகாகச் சுற்றி
ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

அவிழ்த்தேன்.
அழுத்தினேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

நான்காம் நிமிடம் கண் திறந்தார்:
"படகு தாமதமா?"
கொஞ்சம், என்றேன்.
"வரிசையில் எத்தனை பேர்?"
தெரியவில்லை.
"தெரியாமல் எதற்கு நிற்கிறாய்? எண்ணிக்கொண்டு வா."

எண்ணினேன், குறிப்பேட்டில்.
முப்பத்து நான்கு பேர்.
பணியில் இருப்பவர் என்ற கட்டத்தில்
ஒரே ஒரு பெயர்.

பத்தொன்பதாம் நிமிடம் வந்தாள்
சம்ஜனா தமாங்,
இடுப்பில் வேறு யாருடைய நனைந்த போர்வையோ.
அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தாள்,
என் கழுத்து அட்டையைப் பார்த்தாள்.
பிறகு இருவரையும் விட்டுவிட்டு
நொரீனைப் புரட்டத் தொடங்கினாள்,
முழங்கையைத் தாங்கி, மெதுவாக,
அவசரமே இல்லாதவளைப் போல.

கயிற்றைச் சுற்றியது யார்
என்று நான் கேட்கவில்லை.
"அந்தப் பக்கம் ஒருவர் விழுந்துவிட்டார்"
என்பது மட்டும் அவள் சொன்னது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு
இருநூற்றுப் பதினைந்து நிமிடம் என்கிறது கணக்கு.
மெல்பர்னில் கம்பெனியின் தலைமையகம்
அனுப்பும் தாளில் அது பிசகாமல் இருக்கும்.
சராசரியாகத்தான்.
சராசரியில் யாருக்கும்
படுக்கை நனைவதில்லை.

எட்டு மணிக்கு மேலாளர் டன்ஸ்டல்
சூடான காபியோடு வந்தார்.
கயிற்றைப் பற்றிச் சொன்னேன்.
"அந்தப் பெண்ணிடம் பேசிவிடுகிறோம்" என்றார்.
பேசுவது வேறு, பேசிவிடுவது வேறு.
அந்த "விடு"வில் எத்தனை பேர்
வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்
என்பது எனக்குத் தெரியும்.

நிறைவேறியது, நிறைவேறவில்லை.
இரண்டே கட்டங்கள்.
இரண்டாவதைத் தட்டினேன்.
காரணம் கேட்டது.
"ஊழியர் கயிற்றைச் சுற்றி" என்று தொடங்கி
அழித்தேன்.
"நிர்வாகம்" என்று தொடங்கினேன்,
ஆதாரம் கேட்டது.
கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
இரவுக்கு முப்பத்து நான்கு உடல்கள்,
ஒரு ஜோடிக் கால்கள்.
மணி ஒலித்தது. நான் இருந்தேன்.
பத்தொன்பது நிமிடம்.

இது மேலதிகாரி மேசைக்குப் போகும்,
அங்கே மொழி திருத்தப்படும்.
கால்கள் எண்ணிக்கையாகும்.
ஏதாவது நடக்கும், அல்லது
காலக்கெடு நீட்டிக்கப்படும்.

கிளம்பும்முன் பதினேழுக்குப் போனேன்.
கயிறு தலையணைமேல் இருந்தது.
நொரீன் மூக்குத் துடைக்கும் காகிதத்தை
நேர்கோட்டில் இரண்டாய்க் கிழித்து
ஒரு பாதியை என் உள்ளங்கையில் அழுத்தினார்.
"தொலைத்துவிடாதே. ஏறும்போது கேட்பார்கள்."

ஆதாரங்கள் என்று எழுதிய உறையில்
அதையும் போட்டிருக்கிறேன்.
எண் இடவில்லை.